தஞ்சாவூர் ஓவியங்களைப் படம்பிடிக்க எந்தக் கேமரா?

ரேக்கொளி (கேள்வி):
வணக்கம். தஞ்சாவூர் ஓவியங்கள் செய்து விற்கிறோம், பெரும்பாலும் 24×18 அங்குலப் பலகைகள். இதுவரை போனில்தான் எடுத்தோம். வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும். அசல் அளவிலேயே அச்சுப் போட்டால் நகைக்கோடுகள் மசமசவென்று ஆகிவிடுகின்றன. தங்க ரேக் (ஓவியத்தில் ஒட்டும் பொன் தகடு) ஒரு படத்தில் கறுப்பாகவும் இன்னொன்றில் வெள்ளைத் திட்டாகவும் விழுகிறது. புதிதாக 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் வாங்கலாமா, பழைய நிக்கான் டி850 பார்க்கலாமா? 18-55 லென்ஸ் போதுமா?

கட்டம்:
அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்றால் 7200×5400, ஏறக்குறைய 39 மெகாபிக்சல். 24 மெகாபிக்சல் கேமராவில் கிடைப்பது 6000×4000. உங்கள் 18 அங்குலப் பக்கத்தை அந்த 4000-த்தில் அடக்கினால் அங்குலத்துக்கு 222தான். டி850-இல் 8256×5504, ஓரம் கொஞ்சம் விட்டு எடுத்தாலும் 290-க்குக் குறையாது. அசல் அளவு அச்சு தேவை என்றால் டி850. காலண்டர், இணையத்துக்கு மட்டும் என்றால் 24 தாராளம்.

18-55 வேண்டாம். அகலக் கோணத்தில் பலகையின் விளிம்பு வில்லாக வளையும், மூலைகள் மங்கும். 60 மி.மீ. மேக்ரோ (கிட்டத்தில் எடுக்கும் லென்ஸ்) போடுங்கள், டி850-இல் சுமார் 1.2 மீட்டர் தள்ளி நின்றால் முழுப் பலகையும் அடங்கும். லென்ஸ் துளை எஃப்/8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100. மக்கு வேலையின் (ரேக்குக்கு அடியில் பசைக் கலவையால் எழுப்பும் புடைப்பு) மேடு பள்ளம் சில மி.மீ.தான், எஃப்/8-இலேயே எல்லாம் கூர்மையாக நிற்கும். எஃப்/16-க்குப் போனால், சின்னத் துளையில் ஒளி விரிந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் மெல்லிய கோடுகள் கரையும்.

நிழல்வெளி:
கேமரா எதுவானாலும் ரேக் பிரச்சினை தீராது, அது வெளிச்சத்தின் பிரச்சினை. ரேக் கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் இருட்டறை இருந்தால் கறுப்பு, சின்ன பல்பு இருந்தால் வெள்ளைத் திட்டு. இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைக்கும் வழக்கமான முறை வண்ணத்துக்குச் சரி, ரேக்குக்குப் போதாது. லென்ஸுக்கு மேலே, ஓவியத்தைப் பார்த்துச் சாய்த்து, ஓவியத்தைவிடப் பெரிய வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்று வையுங்கள். ஒரு விளக்கை அந்த அட்டையின் மேல் அடியுங்கள். ரேக் முழுக்கப் பொன்னிறமாக எழும். அட்டையை ஒரு சாண் நகர்த்தினாலே மக்கு வேலையின் நிழல் மாறுவது தெரியும். பூவேலை புடைத்துத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள்.

பிரேம் கண்ணாடி போடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தையும் எல்இடியையும் கலக்காதீர்கள். ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் ஏறினால் பிறகு திருத்துவது பெரும்பாடு. விளக்கின் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95-க்கு மேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் சிவப்பும் கெம்புக் கல்லும் செத்துப்போகும்.

ரேக்கொளி:
மிக்க நன்றி. போலரைசர் (பிரதிபலிப்பை வடிகட்டும் ஃபில்டர்) போட்டால் பளபளப்பு போய்விடும் என்கிறார்களே? 24 மெகாபிக்சலிலேயே துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாமா?

கட்டம்:
விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் போட்டுக் குறுக்காகத் திருப்பினால் வண்ணப் பகுதி அருமையாக வரும். ஆனால் ரேக்கின் அழகே அந்தப் பிரதிபலிப்புதான், அதையும் சேர்த்து வடிகட்டிவிடும். தங்கம் சேற்றுப் பழுப்பாகும். வண்ணத்தில் பளபளப்பு மிகுந்தால் மட்டும் இரண்டு படம் எடுங்கள்: போலரைசருடன் ஒன்று, தெர்மாகோல் வெளிச்சத்தில் ஒன்று. ஃபோட்டோஷாப்பில் ரேக் பகுதிக்கு மாஸ்க் போட்டுச் சேர்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் கேமரா அசையக் கூடாது.

ஒட்டும் முறை தட்டையான நீர்வண்ணத்துக்குச் சரி. இங்கே பலகையை நகர்த்தும்போதெல்லாம் ரேக்கின் ஒளி இடம் மாறும், ஒட்டுத் தையல் பொன்னில் பட்டையாகத் தெரியும்.

நேர்கோடு:
ஒன்று விட்டுப்போனது. கேமராவும் பலகையும் இணையாக இருக்க வேண்டும். பலகையின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியைப் படிய வைத்து, அதில் லென்ஸின் பிம்பம் திரையின் சரிநடுவில் தெரியும்வரை டிரைபாடைத் திருத்துங்கள். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுங்கள், ஷட்டருக்கு 2 விநாடி டைமர், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முதல் படத்தில் 24 கட்ட வண்ண அட்டையை ஓவியத்தின் ஓரமாக வைத்து எடுத்தால் அச்சகத்தில் நிறம் பற்றிப் பேச ஒரு பிடி இருக்கும். அட்டையின் மேல் ரேக்கின் மஞ்சள் ஒளி விழாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.