நீட் போச்சு, பி.எஸ்சி. விலங்கியல் சேரலாமா?

முசிறிக்காரன்:
அக்கா பையனுக்கு நீட்டில் மார்க் போதவில்லை. விலங்கியல் சேர்கிறேன் என்கிறான். மாமாவோ இன்னொரு வருடம் கோச்சிங் போ என்கிறார். என்ன சொல்லட்டும்?

கணக்குப்பிள்ளை:
உயிரியல் பக்கமே வேண்டாம். அந்த டிகிரிக்கு உடனே கிடைப்பது மெடிக்கல் கோடிங்தான். எங்கள் தெருவில் மைக்ரோபயாலஜி படித்த பெண், சென்னையில் நாள் முழுக்க அமெரிக்க நோயாளிகளின் ரெக்கார்டைப் படித்து, டைப் 2 சர்க்கரையா, ஈ11.9 என்று குறியீடு போட்டுக்கொண்டிருக்கிறாள். இதற்கா மூன்று வருடம் பெட்ரி டிஷ்ஷில் பாக்டீரியா வளர்த்தாள்?

வரையாடு:
மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறாளே, அதில் என்ன இளக்காரம்? உடலமைப்பும் நோயும் தெரிந்ததால்தானே எடுத்தார்கள்.
முசிறி அண்ணே, பையன் விலங்கியல் கேட்பது நல்லதுதான். இந்திய வனப்பணித் தேர்வுக்கான தகுதிப் பட்டியலில் விலங்கியலும் தாவரவியலும் பெயரோடு இருக்கின்றன. பி.எஸ்சி. பயோடெக்னாலஜி அதில் இல்லை. பெயர் பளபளப்பாக இருக்கிறதே என்று கூடுதல் ஃபீஸ் கட்டிச் சேர்ந்தவர்கள், விண்ணப்பிக்கும்போதுதான் முழிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
வனப்பணிக்கு 2025இல் இந்தியா முழுக்கவே சுமார் 150 இடம்தான். லாட்டரிச் சீட்டே வாங்கலாம்.

வரையாடு:
நீட் மட்டும் என்னவாம்? 2024இல் 23 லட்சம் பேர் எழுதினார்கள். எம்.பி.பி.எஸ். இடம் லட்சத்துச் சொச்சம். அதற்கு மறுபடி ஒரு வருடம் போடலாம், இதற்குக் கூடாதா? எம்.எஸ். சுவாமிநாதனே திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தவர்தான்.

கணக்குப்பிள்ளை:
அவரே அதோடு நிற்கவில்லையே! அப்புறம் கோவைக்கு வந்து வேளாண்மையில் இன்னொரு பட்டம் வாங்கினார். நான் சொல்வதும் அதுதான். விலங்கியலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆய்வகவாசி:
இருவரும் எம்.எஸ்சி.யை விட்டுவிட்டீர்கள். மூன்று வருட பி.எஸ்சி.க்குப் பிறகு ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் அது வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (பிஎச்.டி. செய்ய மாத உதவித்தொகை) கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு வருடம் கழித்து 42,000. ஆனால் பிஎச்.டி. முடிக்கும்போது வயது முப்பதை நெருங்கிவிடும், அதற்குப் பிறகும் நிரந்தர வேலைக்கு அலைய வேண்டும். வீட்டில் அதுவரை பொறுப்பார்களா? அதைக் கேளுங்கள். எங்கே சேர்ந்தாலும் முதல் வருடத்திலேயே புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் கற்கட்டும். மரபணுத் தரவை அலசத் தெரிந்தவனைத்தான் இப்போது லேபில் தேடுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
சரி, பைத்தான் கற்பதென்றால் நேராகக் கம்ப்யூட்டர் சயின்ஸே சேரலாமே?

ஆய்வகவாசி:
சேரலாம். பன்னிரண்டில் கணக்கு எடுத்தானா? அதைச் சொல்லவே இல்லையே.

முசிறிக்காரன்:
இல்லை, பியூர் சயின்ஸ் குரூப். இதையெல்லாம் மாமாவிடம் காட்டினேன். வனப்பணி அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்கு எங்கே கோச்சிங் என்று கேட்கிறார்.