நேர்காணல் எழுத்துப்படியில் யாரும் சொல்லாத வரிகள்: உதவி தேவை

வணக்கம். குரல்பதிவுகள் வெளிச் சேவையகங்களுக்குச் செல்லாது என்று பங்கேற்பாளர்களுக்கு உறுதியளித்திருப்பதால், முனைவர் பட்ட ஆய்வுக்கான 24 நேர்காணல்களை இணையத் தொடர்பில்லாத மடிக்கணினியிலேயே செயற்கை நுண்ணறிவுக் கருவியால் எழுத்தாக்கி வருகிறேன். 3 வாரங்களாக ஒரே சிக்கல்: பேசுபவர் நெடுநேரம் மௌனமாகும் இடங்களில், அவர் சொல்லாத முழு வாக்கியங்களைக் கருவி எழுதிவிடுகிறது. இழப்பைப் பற்றிய ஆய்வில் மௌனமும் தரவுதான் என்பதால், இதைச் சிறு பிழையாக ஒதுக்க மனம் வரவில்லை.

மௌனப் பகுதிகளை முன்கூட்டியே வெட்டிப் பார்த்தேன். பொய் வரிகள் குறைந்தன, ஆனால் இடைநிறுத்தங்களின் நேரக்குறிப்பும் தொலைந்தது. பெரிய மாடலுக்கு மாறியும் பயனில்லை. ஒலியோடு ஒப்பிட்டு நானே திருத்திய 7 நேர்காணல்களில் மட்டும், உளவியல் ஆய்வாளர்களான பிரவுன், கிளார்க் இருவரும் 2006இல் முன்வைத்த கருப்பொருள் பகுப்பாய்வு (தரவில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைக் கண்டறிதல்) முறைப்படி குறியிடத் தொடங்கியிருக்கிறேன், அதாவது பேச்சின் பகுதிகளுக்கு அவற்றின் பொருளைச் சுட்டும் பெயர்களை இட்டு வருகிறேன்.

மௌனத்தின் கால அளவை இழக்காமல் இந்தக் கற்பனை வரிகளைத் தடுக்கும் வழி யாருக்கேனும் தெரியுமா?