எம்பி என்றால் பிட்டா, பைட்டா? பழைய லைன்களில் பட்ட அனுபவங்கள்

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

2003-ல் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். சென்னை ஆபீசுக்கு லீஸ்டு லைன் (எங்களுக்கு மட்டும் வாடகைக்கு விட்ட தனி லைன்) வந்தது. "டூ எம்பி குடுத்தாச்சு சார்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாளே மேலாளர் 100 எம்பி வரைபட ஃபைல் ஒன்றை அனுப்பச் சொன்னார். ரெண்டு எம்பி லைன், நூறு எம்பி ஃபைல், அம்பது செகண்ட் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போய்ச் சேர ஏழே கால் நிமிடம் ஆனது.

லைனில் கோளாறு என்று புகார் எழுதினோம். இரண்டு நாள் மீட்டர் வைத்துப் பார்த்தும் ஒரு பிட் (0 அல்லது 1) கூடத் தப்பவில்லை. மூன்றாம் நாள் ஓய்வுபெறும் வயதில் ஒரு டெக்னீஷியன் வந்தார். மீட்டரைத் தொடவே இல்லை. எங்கள் புகார்க் கடிதத்தையே திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் நீளமாக 32 கட்டம் போட்டார். "இதுதான் ஈ1, உங்க டூ எம்பி லைன். ஒவ்வொரு கட்டமும் 64 கிலோபிட். ஒருத்தர் பேசுறத ஒரு செகண்டுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டா எழுதினா 64,000 வருதா? அதான் ஒரு கட்டம்." பூஜ்யம் என்று எண் போட்ட முதல் கட்டத்தைப் பேனாவால் அடித்தார். இரண்டு முனையும் ஒத்துப்போவதற்கு அது போய்விடும். 16-வது கட்டம் பேச்சு லைனில் சிக்னலுக்கு வேண்டும்; டேட்டாவுக்கு என்பதால் எங்களுக்கே கிடைத்தது. ஆக 2,048 கிலோபிட்டில் எங்கள் கைக்கு வந்தது 31 கட்டம், 1,984 கிலோபிட்.

அப்புறம் ஃபைலுக்கு வந்தார். கம்ப்யூட்டரில் கிலோ என்றால் 1,024, டெலிபோனில் கிலோ என்றால் வெறும் 1,000. 100 மெகாபைட் என்பது 10,48,57,600 பைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், எட்டால் பெருக்கினால் 83,88,60,800 பிட். அதை 19,84,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 423 செகண்டு, அதாவது ஏழு நிமிடமும் மூன்று செகண்டும். மீதிப் பன்னிரண்டு செகண்டு ஃபைலைத் துண்டு துண்டாக அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் ஒட்டிப் போகிற முகவரிக்கு. லைன் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது.

இங்கிலீஷில் சின்ன எழுத்து போட்டால் பிட், பெரிய எழுத்து போட்டால் பைட் என்று கண்ணாலாவது பிரித்துக்கொள்ளலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? இரண்டுமே எம்பிதான், வாயால் சொன்னாலும் அப்படித்தான். அன்றிலிருந்து நான் எங்கே எழுதினாலும் மெகாபிட், மெகாபைட் என்று முழுசாகவே எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் தாளில் டி1 என்று இருந்தால் அது ஈ1 இல்லை. 24 கட்டம், 1,536 கிலோபிட், அதோடு ஒத்திசைவுக்கு 8 சேர்த்து 1,544. நாம் எழுதும் 2 அங்கே ஒன்றரைதான்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

இதே குழப்பம் எனக்குப் பிரெஞ்சு வழியாகத் தீர்ந்தது. பாரிசில் இருந்த பெரியப்பா 1999-ல் வந்தபோது ஒரு மோடம் (கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு இணைக்கும் பெட்டி) கொண்டுவந்தார். அட்டைப்பெட்டியில் 56 கிலோபிட் என்றும், கூட வந்த புத்தகத்தில் 7 "கோ" என்றும் போட்டிருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பெரியப்பாதான் சொன்னார்: பிரெஞ்சில் பைட்டுக்கு ஒக்தே என்று பெயர், எட்டு சேர்ந்தது என்று அர்த்தம், கோ என்பது கிலோ ஒக்தே. 56-ஐ எட்டால் வகுத்தால் 7. எட்டால் வகுக்க வேண்டும் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

பாட் என்ற அளவும் எமில் பொதோ என்ற பிரெஞ்சு தந்திப் பொறியாளர் பெயரில் வந்ததுதான். ஆனால் பாடும் பிட்டும் ஒன்றில்லை. லைனில் சிக்னல் ஒரு செகண்டுக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் பாட். பழைய 2,400 பிட் மோடம் 600 தடவைதான் மாறும், ஒவ்வொரு மாற்றத்திலும் நாலு பிட்டை ஏற்றிவிடும். அதை 2,400 பாட் என்று விற்றவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கடலூர் முதுநகரிலிருந்து:

அப்பா டெலக்ஸ் (லைன் வழியே எழுத்தைத் தட்டி அனுப்பும் மெஷின்) ஆபரேட்டர். அதன் வேகம் 50 பாட். அங்கே பாடும் பிட்டும் ஒன்றுதான், ஆனால் எழுத்துக்கு எட்டு கிடையாது. ஐந்து பிட், தொடக்கத்தைக் காட்ட முன்னால் ஒன்று, முடிவைக் காட்டப் பின்னால் ஒன்றரை, ஆக ஏழரை. 50-ஐ ஏழரையால் வகுத்து நிமிடத்துக்குப் பெருக்கினால் 400 எழுத்து. அப்பா இதை விரல் விட்டு எண்ணாமலே சொல்வார்.

முதலில் எழுதியவரின் 100 மெகாபைட்டை அப்பாவின் மெஷினில் போட்டுப் பார்த்தேன். ஒரு பைட்டை ஓர் எழுத்தாக வைத்துக்கொண்டாலும் 2,62,144 நிமிடம். ராத்திரி பகலாக 182 நாள்.