63-3: அன்று ஆட வராதவர்கள் எத்தனை பேர்?

டல்லஹாசி தங்கராசு:
நேற்று வேறொரு திரியில் ஒருவர் எழுதியிருந்தார்: "ஆரஞ்ச் பௌலில் ஜார்ஜியா 63, ஃபுளோரிடா ஸ்டேட் 3. தேர்வுக் குழு செய்தது சரி என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?" படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தோல்வியே காணாத எங்கள் ஃபுளோரிடா ஸ்டேட்டை, பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளில் சேர்க்காமல் ஒதுக்கிய குழு அது. எங்களுக்குக் கிடைத்தது ஆரஞ்ச் பௌல் என்ற பருவ முடிவு ஆட்டம் மட்டும். 2023 டிசம்பர் 30 அன்று மயாமி கார்டன்ஸ் ஹார்ட் ராக் அரங்கில் நான் உட்கார்ந்திருந்தேன். தங்கநிறத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றது 13 ஆட்டங்களையும் வென்ற அணி அல்ல. உதவித்தொகை பெறும் ஆட்டக்காரர்களில் 29 பேர் இல்லை. இருபத்தொன்பது! கீயான் கோல்மன் இல்லை, ஜானி வில்சன் இல்லை, ட்ரே பென்சன் இல்லை, ஜாரெட் வெர்ஸ் இல்லை. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிற ஜோர்டன் டிராவிஸுக்கு நவம்பர் 18 அன்றே கால் முறிந்துவிட்டது. அவருக்கு அடுத்த டேட் ரோட்மேக்கர் வேறு கல்லூரி தேடிப் புறப்பட்டுவிட்டார். மிச்சம் இருந்தது பிராக் க்ளென் என்ற முதலாண்டுப் பையன். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து உட்கார்ந்துகொண்டு, சமையல் சரியில்லை என்று சொல்கிறவர்களை என்ன செய்வது?

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
எழுதியவன் நான்தான். "ஒருவர்" என்று பெயரை ஏன் விழுங்குகிறீர்கள்? 29, 29 என்று மந்திரம் போல ஓதுகிறீர்களே, அந்த 29-இல் டிராவிஸ் உண்டா? அவர் இல்லாத அணி எப்படி ஆடும் என்பதைத்தான் குழு எடை போட்டது. கால் முறிந்தவரையும் கோபித்துக்கொண்டு போனவரையும் ஒரே மூட்டையில் கட்டித் தராசில் வைக்கிறீர்கள்.

எனக்கும் ஒரு 29 இருக்கிறது. தொடர்ந்து 29 ஆட்டங்கள் வென்றுவிட்டு, எங்கள் மாநாடான (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) எஸ்இசியின் இறுதியில் அலபாமாவிடம் 27-24 என்று மூன்று புள்ளியில் தோற்றோம். முதலிடத்தில் இருந்தவர்களை ஒரே இரவில் ஆறாமிடத்துக்குத் தள்ளினார்கள். நீங்கள் ஐந்தாமிடம். எங்களுக்கும்தான் வயிறு எரிந்தது. ஆனாலும் எங்கள் பையன்கள் ஆட வந்தார்கள். லாட் மக்காங்கி வந்தார், அவருக்கும் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக் காத்துக்கொண்டுதான் இருந்தது. உங்களவர்கள் ஓடிப்போனார்கள்.

டல்லஹாசி தங்கராசு:
"ஓடிப்போனார்கள்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். உங்கள் பிராக் பவர்ஸ் அன்று ஆடினாரா? அமேரியஸ் மிம்ஸ் ஆடினாரா? அவர்கள் எந்த ஊருக்கு ஓடினார்கள்?

ஏன் ஆடவில்லை என்று கேட்கிறவர்கள் 2016 டிசம்பர் 30-ஐ நினைத்துப் பார்க்கட்டும். அதே அரங்கம், அதே ஆரஞ்ச் பௌல், எதிரணி நாங்களே. மிச்சிகனின் ஜேக் பட்டுக்கு அன்று முழங்கால் தசைநார் கிழிந்தது. என்எஃப்எல் அணிகள் புது ஆட்களைப் பொறுக்கும் தேர்வில் மேல் சுற்றிலேயே எடுத்துவிடுவார்கள் என்று பேசப்பட்டவரை ஐந்தாம் சுற்றில் எடுத்தார்கள். அதே ஆண்டு புத்தாண்டு நாளில் ஃபியஸ்டா பௌலில் நோட்ர டேமின் ஜெய்லன் ஸ்மித்துக்கும் முழங்கால் போனது, அவர் இரண்டாம் சுற்றுக்கு இறங்கினார். கோப்பையும் இல்லாத, பட்டமும் இல்லாத ஆட்டத்துக்காக ஒரு பையன் தன் காலைப் பணயம் வைக்க வேண்டும், நீங்கள் சோபாவில் சாய்ந்து கொறித்துக்கொண்டு கைதட்ட வேண்டும், அப்படித்தானே? அன்று ஆடாத வெர்ஸ் அடுத்த ஆண்டு என்எஃப்எல்லில் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். 29 பேர் ஐயா, 29.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
என் கேள்வி ஒன்றுதான். டிராவிஸ் அதில் உண்டா, இல்லையா?

கொலம்பஸ் கோமதி:
இருவருக்கும் வணக்கம். கல்லூரிக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் போனால் எல்லாம் போயிற்று என்பது பொய். 2014-இல் எங்கள் ஒஹையோ ஸ்டேட்டுக்கு முதல் ஆள் பிராக்ஸ்டன் மில்லர் பருவம் தொடங்கும் முன்பே போனார். இரண்டாம் ஆள் ஜே.டி. பாரெட் மிச்சிகன் ஆட்டத்தில் போனார். மூன்றாம் ஆள் கார்டேல் ஜோன்ஸை வைத்துக்கொண்டு விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என்று அடித்துப் பட்டம் வாங்கினோம். ஆகவே தங்கராசு அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மூன்றாம் ஆளை வைத்திருந்த எங்களை அன்று குழு உள்ளே விட்டது.

ஆனால் அண்ணா, நாங்கள் 59-0 என்று ஜெயித்துக் காட்டினோம். நீங்கள் உங்கள் மாநாட்டு இறுதியில் லூயிவில்லை 16-6 என்று ஜெயித்தீர்கள். க்ளென் அன்று எறிந்து சேர்த்தது மொத்தம் 55 யார்டு. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் அதைவிட நீளம்.

டல்லஹாசி தங்கராசு:
கோமதி அம்மா, நீங்கள் எந்தப் பக்கம்? முதல் பத்தியில் மாலை போட்டுவிட்டு இரண்டாம் பத்தியில் காலை வாருகிறீர்கள். லூயிவில்லை 6 புள்ளியில் நிறுத்தியது யார்? தடுப்பாட்டம் என்று ஒன்று இந்த விளையாட்டில் இருப்பது ஒஹையோவில் தெரியாதோ?

பழைய ஏடு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கோமதி அவர்கள் "கால்பந்து" என்று எழுதியிருக்கிறார். காலால் உதைத்து ஆடுவது கால்பந்து. இங்கே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், கையால் எறிகிறார்கள். அமெரிக்க ஃபுட்பால் என்றே எழுதலாம்.

இன்னொன்று. 60 புள்ளி வித்தியாசம் பௌல் ஆட்டங்களின் வரலாற்றிலேயே பெரியது. அதற்கு முந்தைய சாதனை 58. அதுவும் ஜார்ஜியாவுடையதுதான், 2023 ஜனவரியில் பட்டத்துக்கான இறுதியில் டிசியூவை 65-7 என்று வென்றபோது. ஒருதலைப்பட்சமான ஆட்டம் ஒன்றும் புதிதல்ல. முதல் பௌல் ஆட்டமே அப்படித்தான். 1902 ஜனவரி 1, பாசடீனா: மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்ட் 0. இன்னும் எட்டு நிமிடம் இருக்கும்போதே ஸ்டான்ஃபோர்ட் போதும் என்று கைகூப்பிவிட்டது. அதை நடத்திய ரோஜா விழாக்காரர்கள் வெறுத்துப்போய் அடுத்த ஆண்டு போலோ நடத்தினார்கள், பிறகு பல ஆண்டுகள் ரதப் பந்தயம் விட்டார்கள். 1916-இல்தான் ஃபுட்பால் திரும்பி வந்தது.

கொலம்பஸ் கோமதி:
"கைப்பந்து" என்று எழுதினால் வாலிபால் என்பீர்கள், "முட்டைப்பந்து" என்று எழுதினால் சிரிப்பீர்கள். நாற்பது வருடமாகக் கால்பந்து என்றே எழுதி வருகிறேன். என் கை அதற்குப் பழகிவிட்டது, ஐயா.

பழைய ஏடு:
பழக்கம் வேறு, சரி வேறு.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
ஏடு ஐயாவுக்கு நன்றி. டிசியூவுக்கு 65 போட்டோமே, அங்கே யாரும் "எங்கள் ஆட்கள் வரவில்லை" என்று அழவில்லை. அவர்களுடைய அணி ஏறக்குறைய முழுதாகவே மைதானத்தில் இருந்தது. ஏறக்குறைய முழு அணி வந்தால் 58, பாதி அணி வந்தால் 60. வித்தியாசம் இரண்டே புள்ளி. இதிலிருந்து 29 பேரின் மதிப்பு என்ன என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டல்லஹாசி தங்கராசு:
இந்தக் கணக்கைப் போட்டவருக்குப் பள்ளியில் யார் பாடம் எடுத்தார்களோ.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். டல்லஹாசியிலிருந்து மயாமிக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டினேன். டிக்கெட்டை முன்பே வாங்கிவிட்டேன், திருப்பிக் கொடுக்க வழியில்லை. பதினொரு வயது மகள் டிராவிஸின் 13-ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். ஆட்டக்காரர் பட்டியலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, வராதவர்களின் பெயர்களை நீலப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தாள். முதல் பாதி முடிந்தபோது 42-3. எங்களுக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, எதுவும் பேசாமல் எழுந்து போனார். மகளின் தாளில் வெள்ளையைவிட நீலம் அதிகமாக இருந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் எண்ணிக் காட்டுகிறேன்.

ஜெயித்த உங்கள் பயிற்சியாளர் கெர்பி ஸ்மார்ட்டே ஆட்டம் முடிந்ததும், இங்கே நடந்ததை எல்லோரும் பார்க்க வேண்டும், இதைச் சரிசெய்தாக வேண்டும் என்றுதான் சொன்னார். அவருக்கு வந்த வெட்கம்கூட உங்களுக்கு வரவில்லை.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
நல்லது. மகள் அடித்த பெயர்களில் 13-ஆம் எண் இருந்ததா?

டல்லஹாசி தங்கராசு:
என் மகளை இதில் இழுக்காதீர்கள்.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
பேனாவோடும் தாளோடும் அழைத்து வந்தது நீங்கள். நான் எண்ணிக்கை மட்டும்தான் கேட்டேன்.

டல்லஹாசி தங்கராசு:
இவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு என் வீட்டுப் பொங்கல் விருந்துக்கு வந்தார். சிவப்புத் தொப்பியில் "63-3" என்று வெள்ளை நூலால் தைத்து மாட்டிக்கொண்டு வந்தார். சாமி படத்துக்கு முன்னால்கூடத் தொப்பியைக் கழற்றவில்லை.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
கழற்றினேன். உங்கள் மனைவியைக் கேளுங்கள். அதோடு, இருபது பேரை அழைத்துவிட்டுப் பதினைந்து வடை சுட்டிருந்ததையும் சபையில் சொல்லுங்கள். ஆள் குறைவதும் பண்டம் குறைவதும் உங்கள் வீட்டு வழக்கம் போலிருக்கிறது.

சும்மா வந்தவன்:
பௌல் ஆட்டங்களுக்கு ஆள் வருவதே இல்லை என்கிறீர்களே, டிக்கெட் கடைசி நேரத்தில் வாங்கினால் மலிவாகக் கிடைக்குமா? இந்த டிசம்பரில் குடும்பத்தோடு போகலாம் என்று நினைக்கிறேன்.

டல்லஹாசி தங்கராசு:
வடைக் கணக்குக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. முக்கியமான ஒன்றை எல்லோரும் வசதியாக மறக்கிறீர்கள்.

2023-இல் எங்களை வெளியே வைக்கச் சொன்ன காரணம் குவார்ட்டர்பேக் காயம். பெரிய மாநாடுகள் ஐந்தில் ஒன்றின் பட்டத்தைத் தோல்வியே இல்லாமல் வென்ற அணியை நால்வர் பிளேஆஃபிலிருந்து ஒதுக்கியது அதுவே முதல் முறை. அந்த ஆண்டு சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் பரிசு வாங்கிய ஜேடன் டேனியல்ஸ் ஆடிய எல்எஸ்யூவை 45-24 என்று வென்றிருந்தோம். எங்கள் இடத்தில் உட்கார்ந்த அலபாமாவோ சொந்த ஊரில் டெக்சஸிடம் 34-24 என்று தோற்ற அணி. ஆபர்ன் ஆட்டத்தில் நான்காம், அதாவது கடைசி முயற்சியில் 31 யார்டு தேவைப்பட்டபோது குருட்டாம்போக்கில் பிழைத்த அணி. டிராவிஸ் அன்று என்ன எழுதினார் தெரியுமா? பருவத்தின் தொடக்கத்திலேயே என் கால் முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி என் ஒருவனால் மட்டும் ஆனது அல்ல என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்களே என்று. அடிபட்ட பையன், அடி இன்னும் முன்பே பட்டிருக்கலாமே என்று வருந்த வேண்டிய நிலை.

ஓராண்டு கழித்து, 2024 டிசம்பர். எஸ்இசி இறுதியில் ஜார்ஜியாவின் கார்சன் பெக்குக்கு முழங்கையில் காயம். கன்னர் ஸ்டாக்டன் என்ற மாற்று ஆள் வந்தார், டெக்சஸை 22-19 என்று கூடுதல் நேரத்தில் வென்றார்கள். குவார்ட்டர்பேக் போய்விட்டார், அணி வேறு அணி ஆகிவிட்டது என்று யாராவது சொன்னார்களா? இரண்டாமிடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். முதல் சுற்றுகூட ஆட வேண்டாம் என்றார்கள். பிறகு சுகர் பௌலில் நோட்ர டேமிடம் 23-10 என்று தோற்றீர்கள். ஏகாம்பரம், உங்கள் தர்க்கப்படி உங்களையும் வெளியே வைத்திருக்க வேண்டுமல்லவா? வாயைத் திறங்கள்.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
2024-இல் பன்னிரண்டு இடம். தரவரிசையில் முன்னால் இருந்த ஐந்து மாநாட்டுச் சாம்பியன்களுக்கு இடம் தானாக வந்தது. நான்கு இடம் மட்டும் இருந்த காலத்தோடு அதை ஒப்பிடுவது பூசணிக்காயையும் புளியங்காயையும் ஒரே விலைக்குக் கேட்பது. நாங்கள் தோற்றது 13 புள்ளியில், 60-இல் அல்ல. அதே 2024-இல் உங்கள் ஃபுளோரிடா ஸ்டேட் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடலாமே? டப்ளின் வரை விமானம் ஏறிப் போய் ஜார்ஜியா டெக்கிடம் 24-21 என்று தோற்றுத் தொடங்கியது. முடிவில் இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி. அப்போது எத்தனை பேர் வரவில்லை? 29? 39? மைதானமே வரவில்லையா?

டல்லஹாசி தங்கராசு:
2024-ஐப் பேசுவது திசைதிருப்பல்.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
2024-ஐ இழுத்து வந்தது உங்கள் முந்தைய பதிவு.

கொலம்பஸ் கோமதி:
2024 பட்டம் யாருடையது என்று யாராவது கேட்டீர்களா? நோட்ர டேமை 34-23 என்று வென்ற எங்களுடையது. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

பழைய ஏடு:
"ஞாபகப்படுத்தினேன்" சரி. "கால்பந்து" இன்னும் சரியில்லை.

டல்லஹாசி தங்கராசு:
மறுபடியும் சொல்கிறேன். வந்தவர்களை வைத்து வராதவர்களை அளக்க முடியாது. இரண்டாம் பாதியில் ஜார்ஜியாவும் மாற்று ஆட்களைத்தான் இறக்கியது. அந்த மாற்று ஆட்களும் எங்கள் மாற்று ஆட்களின் மாற்று ஆட்களும் ஆடியதை வைத்து டிசம்பர் 3-ஆம் தேதிக் குழு முடிவுக்கு முத்திரை குத்துகிறீர்கள். நான் நாளைக் காலை அந்தத் தாளைப் படம் எடுத்துப் போடுகிறேன். 29 பெயரும் அதில் இருக்கும்.

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
போடுங்கள். 13-ஆம் எண்ணில் நீல மை இருந்தால் உங்கள் கணக்கு 28.

டல்லஹாசி தங்கராசு:
மை இல்லாவிட்டால்?

ஏதென்ஸ் ஏகாம்பரம்:
இல்லாவிட்டால் 29-க்கு மேல் இன்னொருவர் வரவில்லை என்று ஆகும். அப்போது 29 என்பதே தப்பு.

சும்மா வந்தவன்:
டிக்கெட் பற்றி யாரும் சொல்லவில்லை. கார் நிறுத்தத் தனிக் கட்டணமா?

டல்லஹாசி தங்கராசு:
தனி. முன்பே வாங்கிவிடுங்கள். ஏகாம்பரம், 29.