மென்தோல் துப்பாக்கி உறையின் வாய் தளர்ந்துவிட்டது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். டெக்சாஸில் வசிக்கும் நான், முறையாக உரிமம் பெற்று, ஸ்மித் அண்ட் வெஸன் 642 ரிவால்வரை மென்தோல் உறையில் இட்டு, கால்சட்டையின் இடுப்புக்கு உட்புறமாக மூன்று ஆண்டுகளாக அணிந்துவருகிறேன். நாள்தோறும் வியர்வையும் உடற்சூடும் பட்டதால் உறையின் வாய்ப்பகுதி துணிபோலத் துவண்டு, துப்பாக்கியை உருவியவுடன் தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. சென்ற வாரம் ஐந்து குண்டுகளையும் அகற்றிவிட்டுக் கண்ணாடி முன் உருவி மீண்டும் செருகிப் பழகிக்கொண்டிருந்தபோது, உட்புறம் மடங்கிய தோல் விளிம்பு சுடும் விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் நுழைந்திருந்ததைக் கண்டு திடுக்கிட்டேன். இந்த ரிவால்வரின் விசையை நெடுந்தூரம் பலமாக இழுக்க வேண்டியிருப்பது ஓரளவு ஆறுதல். விசை இலகுவான ஒரு பிஸ்டலாக இருந்தால் அந்த மடிப்பே குண்டை வெடிக்கச் செய்துவிடக்கூடும். அன்றே அந்த உறையை ஒதுக்கிவைத்துவிட்டேன்.

கைடெக்ஸ் என்ற கடினமான பிளாஸ்டிக்கால் ஆன உறை வாய் குவியாமல் நிற்கும் என்பதை அறிவேன். ஆயினும் நாள் முழுதும் கார் ஓட்டும் எனக்கு அதன் விளிம்பு விலாவில் குத்துகிறது. ஆகவே, வாய்ப்பகுதியில் உலோகப் பட்டை வைத்துத் தைத்ததும், விசையை முழுமையாக மூடுவதுமான தோல் உறையைப் பயன்படுத்துவோர், அது வியர்வையில் எவ்வளவு காலம் விறைப்பு குன்றாமல் இருக்கிறது என்றும், மாட்டுத்தோல், குதிரைத்தோல் ஆகியவற்றுள் எது உகந்தது என்றும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் தோலை மேலும் இளக்கிவிடும் என்பதால் இதுவரை எதையும் தடவவில்லை. உறையை இடுப்பிலிருந்து கழற்றி, துப்பாக்கியைக் கண்ணால் பார்த்துச் செருகிய பிறகே மீண்டும் அணிவோர் இருந்தால், அதற்கேற்ற கொக்கி எது என்பதையும் எழுதுங்கள்.