அப்பாவுக்கு ஜிஸ்ட் கட்டி: ஜீன் பரிசோதனை கட்டாயம் செய்ய வேணுமா?

கோண்டாவில் மகள்:
அப்பாவுக்கு இரைப்பையில் இருந்த கட்டியை ஒப்பரேஷன் செய்து எடுத்தாச்சு. ஜிஸ்ட் (இரைப்பை, குடல் சுவரில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க் கட்டி) என்று ரிப்போர்ட், 11 சென்ரிமீற்றர். திரும்ப வரக்கூடிய ஆபத்து அதிகம், இமாட்டினிப் குளிசை 3 வருஷம் போட வேண்டி வரும் என்கிறார் டொக்டர். ஆனால் முதலில் ஜீன் மாற்றம் பார்க்க வேணுமாம், அதற்குத் திசுவை வெளியே அனுப்ப வேணும், காசும் நாங்கள்தான் கட்ட வேணும். ரிப்போர்ட்டில் ஏற்கெனவே 'சிடி117 பொசிற்றிவ்' என்று இருக்கிறது. அது கிட் ஜீன்தானே, பிறகு ஏன் இன்னொன்று? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ, அம்மா யோசித்து யோசித்துச் சாப்பிடுகிறாவும் இல்லை.

ஆய்வுகூடத்து அண்ணை:
தங்கச்சி, சிடி117 என்பது கிட் ஜீன் உண்டாக்கும் புரதம் கட்டியில் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்ப்பது. ஜிஸ்ட்தான் என்று உறுதி செய்ய உதவும், ஜீனில் எந்த இடம் மாறியிருக்கிறது என்று சொல்லாது. குளிசை கேட்குமா கேட்காதா என்பது அந்த இடத்தைப் பொறுத்தது. அனேகமானவர்களுக்கு கிட் ஜீனின் எக்சன் 11 என்ற பகுதி மாறியிருக்கும், அதற்கு 400 மில்லிகிராம் நன்றாக வேலை செய்யும். எக்சன் 9 பெரும்பாலும் சிறுகுடல் கட்டிகளில் வருவது, நோய் பரவியிருந்தால் 800 வரை கூட்டுவார்கள்.

அப்பாவுக்கு இரைப்பை என்றபடியால் பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற இன்னொரு ஜீனையும் கட்டாயம் பார்க்க வேணும். அதில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப் கேட்காது. அந்த மருந்து, ஜீன் உண்டாக்கும் புரதம் ஓய்ந்திருக்கும் நிலையில்தான் போய் ஒட்டும், டி842வி அதை ஓயவே விடாது. பலன் இல்லாத குளிசையை 3 வருஷம் போட்டு, கண்ணைச் சுற்றி வீங்கி, வயிற்றைப் பிரட்டி, ஏன் அந்தாள் கஷ்டப்பட வேணும்? அந்த வகைக் கட்டி பொதுவாக மெல்லத்தான் வளரும், ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருவார்கள். பரவினாலும் அவாப்ரிட்டினிப் என்ற மருந்து இருக்கிறது, அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது. விலைதான் பெரிய பிரச்சினை.

மானிப்பாய் அக்கா:
காசைப் பார்க்காமல் செய்யுங்கோ பிள்ளை. புதிதாகத் திசு வெட்டி எடுக்கத் தேவையில்லை, ஒப்பரேஷனில் எடுத்ததை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், ரிப்போர்ட்டில் அதன் இலக்கம் இருக்கும், அதைக் கேளுங்கோ. என் கணவருக்கு வந்த ஜிஸ்ட் ஈரலுக்கும் பரவியிருந்தது, எக்சன் 11. இமாட்டினிப்பில் நன்றாகச் சுருங்கி, கொஞ்சக் காலம் போக ஒரு இடம் மட்டும் திரும்ப வளரத் தொடங்கியது. முதல் மாற்றத்துக்கு மேல் இன்னொன்று வந்திருக்கும் என்று சுனிட்டினிப் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார்கள். முதல் ரிப்போர்ட் கையில் இருந்தபடியால் டொக்டருக்கு முடிவெடுக்க லேசாக இருந்தது.

கோண்டாவில் மகள்:
மெத்தப் பெரிய நன்றி. கிளினிக்கில் இலக்கத்தைக் கேட்கிறேன். இரண்டு ஜீனிலும் ஒன்றும் இல்லை என்று வந்தால்?

ஆய்வுகூடத்து அண்ணை:
அப்படி வந்தால் எஸ்டிஎச் என்ற புரதம் கட்டியில் இல்லாமல் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கோ. அந்தக் குறைபாடு கூடுதலாக இளம் வயதுப் பெண்களில்தான், அதுவும் இரைப்பையில், வரும். அதற்கும் இமாட்டினிப் பெரிதாகக் கேட்காது. அப்பாவின் வயதுக்கு வாய்ப்புக் குறைவு, என்றாலும் கேட்டு வையுங்கோ.