எங்க ஊர்ப் பிள்ளைகளைக் கிராம சபைக்கு வரவைக்க யோசனை சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. திண்டுக்கல் பக்கம் எங்க கிராமம். கிராம சபைக்கு நான் தவறாமப் போறவன். வர்றவங்கள்ல பாதிப்பேர் நூறு நாள் வேலைக்குப் போற அக்காமார், மீதி பெரியவங்க. இருபது வயசுப் பிள்ளைகள் டீக்கடையோட நின்னுடுறாங்க. கூப்பிட்டா, "எங்க பேச்சை யாருண்ணே கேப்பா?"ங்கிறாங்க. அந்தக் கேள்விதான் மனசை அறுக்குது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு 6 தடவை கூடுது. ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாப் போதும், 18 வயசுலயே உறுப்பினர்தான். ஊராட்சியோட வரவு செலவைக் கேக்கலாம், தீர்மானம் கொண்டு வரலாம். இது பலருக்குத் தெரியவே இல்லை.

போன தடவை காலேஜ் போற பொண்ணு ஒண்ணு, சாயங்காலம் பஸ் வேணும்னு எழுந்து பேசுச்சு. தீர்மானத்துல ஏறுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அக்டோபர் 2க்குப் பத்துப் பேரையாவது கூட்டிட்டுப் போகணும். உங்க ஊர்ல இதைச் செஞ்சவங்க இருக்கீங்களா? முதல்ல எதைப் பேச வச்சீங்க? வரவு செலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லித்தர ஒரு ஞாயித்துக்கிழமை யாராவது வர முடியுமா? பஸ் செலவு என்னோடது, சாப்பாடு எங்க வீட்டுல. பட்டியல்ல பேர் இல்லாத பிள்ளைகளுக்கு, பேர் சேர்க்கிற படிவம் 6 நானே நிரப்பிக் குடுத்துடுறேன்.